ஏர் ஃபீடரா, சர்வோ ஃபீடரா? பிரஸ்ஸுக்கு எதை மாட்டுறதுன்னு முடிவு பண்றது எப்படி

எங்க பிரஸ் ஷாப்ல ஒரு சர்வோ ரோல் ஃபீடர் (தகட்டு ஸ்ட்ரிப்பை அளந்து அளந்து பிரஸ்ஸுக்குள்ள தள்ளுற மெஷின்) 8 மாசம் தார்ப்பாய் போர்த்தி மூலையில கிடந்துச்சு. மெஷின்ல ஒரு குறையும் இல்ல, புத்தம் புதுசு, பெயிண்ட் வாசனை கூட போகல. தப்பான பிரஸ்ஸுக்கு வாங்கிட்டோம், அவ்ளோதான் விஷயம். முதலாளி நந்தம்பாக்கத்துல எக்சிபிஷன் பாக்கப் போனவரு, ஸ்டால்ல ஸ்ட்ரிப் சர்ரு சர்ருன்னு ஓடுறதைப் பாத்து மனசு போயி அங்கேயே அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துட்டாரு. ஸ்டால்ல ஓடுறப்போ முன்னாடி டை (தகட்டை வெட்டி வடிவம் குடுக்குற அச்சு) கிடையாது, பின்னாடி காயில் (சுருட்டி வச்ச தகடு) கிடையாது, எண்ணெய் கிடையாது, அப்படி ஓடுனா எல்லா ஃபீடரும் அழகாத்தான் ஓடும்.

அம்பத்தூர்ல எங்கள மாதிரி 10, 12 பிரஸ் வச்சு ஜாப் ஒர்க் ஓட்டுறவங்க நெறைய பேரு இப்போ இதே கேள்விதான் கேக்குறாங்க, ஏர் ஃபீடர் போதுமா இல்ல சர்வோவுக்குப் போயிடலாமான்னு. எது ஒசத்தின்னு கேட்டா சர்வோதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தக் கேள்வியே தப்பு. உங்க பிரஸ், உங்க பிட்ச் (ஒரு தடவைக்கு ஸ்ட்ரிப் முன்னாடி போற தூரம்), ஒரு நாளைக்கு எத்தன தடவ டை மாத்துறீங்க, இந்த மூணையும் வச்சுக்கிட்டுத்தான் முடிவு பண்ணணும். எப்படிப் பாக்குறதுன்னு எங்க ஷாப்ல பட்டதையும் சேத்து எழுதுறேன்.

மொதல்ல ரெண்டும் எப்படி வேலை செய்யுது

ஏர் ஃபீடர்ல ரெண்டு பிடி இருக்கும். ஒண்ணு ஒரே எடத்துல நிக்கும், இன்னொண்ணு சிலிண்டரோட முன்னாடி பின்னாடி போகும். ராம் (பிரஸ்ல மேலயும் கீழயும் போயி அடிக்கிற பாகம்) கீழ வரும்போது அதுல போல்ட் போட்டிருக்குற பிராக்கெட் வால்வை அமுக்கும், உடனே நிக்கிற பிடி ஸ்ட்ரிப்பை இறுக்கிப் புடிச்சுக்கும், ஓடுற பிடி விட்டுட்டு வெறுங்கையோட பின்னாடி போகும். ராம் மேல ஏறுனதும் அப்படியே உல்ட்டா, ஓடுற பிடி ஸ்ட்ரிப்பைப் புடிக்கும், நிக்கிற பிடி விடும், சிலிண்டர் முன்னாடி தள்ளிட்டுப் போய் ஸ்டாப்பர்ல டக்குனு முட்டும். கிணத்துல தண்ணி எறைக்கும்போது ஒரு கை கயித்தைப் புடிச்சிருக்க இன்னொரு கை மேல போய்ப் புடிக்குமே, அதே கதைதான். முட்டுற வரைக்கும் இருக்குற தூரம்தான் உங்க பிட்ச், அதை ஸ்டாப்பர் போல்ட்ட திருகித்தான் வைக்கணும்.

சர்வோ ஃபீடர் கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரி, மேல ஒரு ரோல், கீழ ஒரு ரோல், நடுவுல ஸ்ட்ரிப். மோட்டார் ரோலைச் சுத்தும், என்கோடர் எவ்ளோ சுத்துச்சுன்னு எண்ணும், ஸ்க்ரீன்ல 42.50னு அடிச்சா 42.50 தள்ளும். எப்போ தள்ளணும்ங்கிற சிக்னல் கிராங்க் ஷாஃப்ட்ல மாட்டுற ரோட்டரி கேம் சுவிட்ச்ல இருந்து வரும்.

இதுல ஒண்ணு கவனிங்க, என்கோடர் எண்றது ரோலைத்தான், ஸ்ட்ரிப்பை இல்ல. ஸ்ட்ரிப்ல எண்ணெய் ஜாஸ்தியாகி ரோல் வழுக்குனா ஸ்க்ரீன்ல 42.50 தான் காட்டும், ஸ்ட்ரிப் 42.10 தான் போயிருக்கும். ஸ்க்ரீன் சொல்றத வேதவாக்கா எடுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் டையில தப்பு தேடுன ஆளுங்கள எனக்குத் தெரியும், அதுல நானும் ஒருத்தன். அதனால எண்ணெய்ய ஃபீடருக்கு முன்னாடி போடாதீங்க, ஃபீடரைத் தாண்டி, டைக்குள்ள போறதுக்கு சத்த முன்னாடி போடுங்க. காயிலே எண்ணெய் சொட்டச் சொட்ட வந்துச்சுன்னா ஃபீடருக்கு முன்னாடி ஃபெல்ட் துணி வச்சு வழிச்சு விடுங்க.

அக்யூரசிய வச்சு முடிவு பண்ணாதீங்க

கேட்லாக்ல பாத்தீங்கன்னா ரெண்டுக்குமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி நம்பர்தான் போட்டிருப்பாங்க, 0.02, 0.03, 0.05 எம்எம்னு. புது ஏர் ஃபீடர், சின்ன பிட்ச், மெதுவான ஸ்ட்ரோக் (ராம் ஒரு தடவ எறங்கி ஏறுறது), அப்போ நெஜமாவே அது வரும். ஆனா ப்ரோக்ரசிவ் டையில (ஸ்ட்ரிப் நகர நகர படிப்படியா வேலை முடியுற டை) கடைசி நிமிஷத்துல ஸ்ட்ரிப்பைச் சரியான எடத்துல உக்கார வைக்கிறது, ஏற்கனவே போட்ட ஓட்டைக்குள்ள எறங்குற பைலட் பின்தான், ஃபீடர் இல்ல. ஃபீடரோட வேலை, பைலட் மூக்கு ஓட்டைக்குள்ள நுழையிற அளவுக்குப் பக்கத்துல கொண்டு போய் விட்டுட்டு, பைலட் இழுக்குறப்போ கையை விட்டுடுறது. இந்தக் கையை விடுற வேலைக்குப் பேரு பைலட் ரிலீஸ். அது சரியில்லன்னா 0.01 அக்யூரசி இருக்குற ஃபீடரும் பைலட்டை ஒடைக்கும், பைலட் ஓட்டைய முட்டை ஷேப்பா இழுத்து விடும்.

சைடு கட்டர் (ஸ்ட்ரிப் ஓரத்தை பிட்ச் அளவுக்கு வெட்டுறது) வச்சு ஸ்டாப்ல முட்டி நிக்கிற டையா இருந்தா கதை இன்னும் சுலபம், ஃபீடர ஒரு பொட்டு கூட வச்சு ஸ்டாப்ல முட்ட விடுவோம், அங்க பிட்ச்சை முடிவு பண்றது டையே. பைலட்டும் இல்லாம ஸ்டாப்பும் இல்லாம வெறும் பிளாங்கிங் டை (தகட்டுல இருந்து துண்டை வெட்டி எடுக்குறது) ஓட்டுறவங்களுக்குத்தான் ஃபீடர் அக்யூரசி நேரா காசு. அங்க ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல விடுற பாலத்தைக் குறைக்கலாம், 31 எம்எம் பிட்ச்சை 30.7க்குக் கொண்டு வந்தா மெட்டீரியல்ல கிட்டத்தட்ட 1 பர்சன்ட், மாசம் 10 டன் ஓட்டுனா 100 கிலோ. ப்ரோக்ரசிவ் டையில இந்தக் கணக்கு செல்லாது, டை கட்டும்போதே பிட்ச் கட்டியாச்சு. சேல்ஸ்மேன் இதைச் சொல்லி வித்தா டை எதுன்னு கேளுங்க.

பிட்ச்சும் ஸ்ட்ரோக்கும் சேந்து என்ன கேக்குதுன்னு கணக்கு போடுங்க

இதுதான் முக்கியம், ஒரு பேப்பர் எடுத்துக்கங்க. ராம் மேல இருக்குறது 0 டிகிரி, கீழ இருக்குறது 180. சாதாரண பஞ்ச் டைன்னா 270ல இருந்து 90 வரைக்கும், அதாவது பாதிச் சுத்து, ஸ்ட்ரிப்பைத் தள்ள நேரம் கெடைக்கும். லிஃப்டர் (ஸ்ட்ரிப்பை டை மேல தூக்கி விடுறது) உயரமா இருக்குற ஃபார்மிங் டை, ட்ரா டைன்னா அவ்ளோ கெடைக்காது, 300ல இருந்து 60 வரைக்கும் 120 டிகிரிதான் கெடைக்கலாம். 60ஐ ஸ்ட்ரோக்கால வகுத்து, அதைக் கெடைக்கிற டிகிரியால பெருக்கி, 360ஆல வகுங்க, அதுதான் தள்ளுறதுக்கு இருக்குற நேரம்.

நிமிஷத்துக்கு 60 ஸ்ட்ரோக், 180 டிகிரின்னா அரை செகண்ட். 120 ஸ்ட்ரோக்னா கால் செகண்ட். 100 எம்எம் பிட்ச்சை அரை செகண்ட்ல தள்ளணும்னா, பாதி தூரம் வேகம் ஏத்தி பாதி தூரம் வேகம் எறக்குனா, 1.6 மீட்டர் பெர் செகண்ட் ஸ்கொயர் ஆக்சிலரேஷன் வேணும். அதே 100 எம்எம் கால் செகண்ட்லன்னா 6.4. ஸ்ட்ரோக்கை ரெண்டு மடங்கு ஆக்குனா ஃபீடர் படுற பாடு நாலு மடங்கு ஆகுது பாத்தீங்களா. 60 ஸ்ட்ரோக்ல நல்லா ஓடுன ஃபீடர் 90க்கு ஏத்துனதும் தடுமாறுறதுக்குக் காரணம் இதுதான், ஃபீடர் பழசாயிடுச்சுன்னு நெனைச்சுக்குவாங்க.

அடுத்து எடை. 30 எம்எம் அகலம், 0.5 எம்எம் கனம், லூப்ல (காயிலுக்கும் ஃபீடருக்கும் நடுவுல ஸ்ட்ரிப் தொங்குற எடம்) இருந்து டை வரைக்கும் 1 மீட்டர்னா அந்த ஸ்ட்ரிப் 120 கிராம் கூட வராது. 200 எம்எம் அகலம், 2 எம்எம் கனம், ஒன்றரை மீட்டர்னா 4.7 கிலோ. இந்த 4.7 கிலோவ ஏர் சிலிண்டர் வேகமா தள்ளிட்டுப் போய் ஸ்டாப்பர்ல முட்டுறத நெனச்சுப் பாருங்க, பிடி நின்னுடும், ஸ்ட்ரிப் நிக்குமா? பிடிக்குள்ளேயே ஒரு பொட்டு வழுக்கி முன்னாடி போயிடும். ஒரு ஸ்ட்ரோக்ல 0.1, அடுத்ததுல 0.3, ஒரே சீரா கூட இருக்காது. சர்வோல முட்டுறதுங்கிற பேச்சே இல்ல, வேகத்தை எறக்கி எறக்கி மெதுவா நிறுத்தும், அதனால கனமான ஸ்ட்ரிப்புக்கும் நீளமான பிட்ச்சுக்கும் சர்வோதான், அதுல பேரம் பேச ஒண்ணுமில்ல.

என் அனுபவத்துல, 80 எம்எம்முக்குக் கீழ அகலம், 50, 60 எம்எம்முக்குக் கீழ பிட்ச், 1 எம்எம்முக்குக் கீழ கனம், 80 ஸ்ட்ரோக்குக்குக் கீழ வேகம், இந்த நாலும் ஒண்ணா இருந்தா ஏர் ஃபீடர் தாராளமா போதும். வாஷர், டெர்மினல், சின்ன கிளாம்ப், கிளிப் இதெல்லாம் இந்தக் கூட்டத்துல வந்துடும். இதுல ரெண்டு தாண்டுனா சர்வோ பக்கம் பாருங்க. ஒண்ணு மட்டும் தாண்டுதுன்னா சொந்த ஸ்ட்ரிப்பைக் கொண்டு போய் ட்ரையல் போட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

தார்ப்பாய் கதை

எங்க பிரஸ் 50 டன் பழைய சி டைப், பின் கிளட்ச். பின் கிளட்ச்ல ஒரு தடவ பெடலை அமுக்கி பின் மாட்டிக்கிச்சுன்னா முழுச் சுத்து சுத்தித்தான் நிக்கும், நடுவுல கடவுளே வந்தாலும் நிறுத்த முடியாது. சர்வோ ஃபீடரோட பெரிய லாபமே, ஃபீட் முழுசா போகலன்னா அது உடனே ஃபால்ட் சிக்னல் குடுக்கும், பிரஸ் அந்த ஸ்ட்ரோக்லேயே நிக்கும், டை தப்பிக்கும்ங்கிறதுதான். பின் கிளட்ச் பிரஸ் அந்த சிக்னலை வாங்கி என்ன பண்ணும்? ஃபீடர் கத்திக்கிட்டே இருக்கும், ராம் எறங்கி டையைக் கடிச்சுட்டுத்தான் நிக்கும். மோட்டாரை ஆஃப் பண்ணாக்கூட ஃப்ளைவீல் சுத்திக்கிட்டேதான் இருக்கும்.

இன்ஸ்டால் பண்ண வந்த தம்பி பிரஸ்ஸ ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு, "அண்ணே, இதுல மாட்டித் தரேன், ஓடும், ஆனா மிஸ்ஃபீட் ஸ்டாப் வேலை செய்யும்னு மட்டும் நெனைக்காதீங்க"ன்னு சொன்னான். நல்ல பையன், மாட்டிட்டு பில்லுல கையெழுத்து வாங்கிட்டுப் போயிருக்கலாம், போகல. அப்புறம் நியூமேட்டிக் கிளட்ச் பிரேக் (காத்துல வேலை செய்யுறது, நடுவுலயும் நிறுத்த முடியும்) இருக்குற ஒரு செகண்ட் ஹேண்ட் பிரஸ் வாங்குற வரைக்கும் ஃபீடர் தார்ப்பாய்க்குள்ள தூங்குச்சு.

அதனால ஃபீடர் விலை கேக்குறதுக்கு முன்னாடி பிரஸ்ல பாக்க வேண்டியத எழுதி வச்சுக்கங்க. என்ன கிளட்ச், எந்த டிகிரியிலயும் நிக்குமா, பிரேக் லைனிங் எப்படி இருக்கு, ஸ்டாப் குடுத்தா எத்தன டிகிரி ஓடி நிக்குது. கிராங்க் ஷாஃப்ட் முனையில கேம் சுவிட்ச் மாட்ட எடம் இருக்கா, இல்லன்னா செயின் ஸ்ப்ராக்கெட் போட்டு எடுக்கணும், அந்தச் செயின் தொளதொளன்னு இருந்தா டைமிங் ஆடும். டையோட ஃபீட் லைன் (ஸ்ட்ரிப் உள்ள போற மட்டம்) உயரம் எவ்ளோ, டைக்கு டை எவ்ளோ மாறுது, ஃபீடர் ஸ்டாண்டு அந்த அளவுக்கு ஏறி எறங்குமா. பின் கிளட்ச் பிரஸ்தான் இருக்கு, அதை மாத்துற எண்ணமும் இல்லன்னா பேசாம ஏர் ஃபீடர் போடுங்க, சர்வோக்குக் குடுக்குற காசு பாதி வீண்.

காத்து இனாம் இல்ல

ஏர் ஃபீடர் விலை கம்மி, சர்வோ அதுக்குப் பல மடங்கு, அது எல்லாருக்கும் தெரியும். ஆனா ஏர் ஃபீடர் தெனம் காத்து சாப்பிடும். 50 எம்எம் போர் (உள் விட்டம்), 100 எம்எம் ஸ்ட்ரோக் (ஓடுற தூரம்) சிலிண்டர்னு வச்சுக்கங்க, போகவும் வரவும் சேத்து 390 சிசி, 5 பார் பிரஷர்ல அது வெளிக்காத்து கணக்குல 2.3 லிட்டருக்குக் கொஞ்சம் மேல. 60 ஸ்ட்ரோக் ஓட்டுனா நிமிஷத்துக்கு 140 லிட்டர், அதாவது 5 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு 5 கன அடி). ஒரு எச்பி கம்ப்ரஸர் தோராயமா 4 சிஎஃப்எம் குடுக்கும், அப்போ ஒன்னேகால் எச்பி இதுக்கே போகுது, 8 மணி நேர ஷிஃப்ட்டுக்கு 7, 8 யூனிட் கரண்ட். மாடலுக்கு மாடல் கூடக் குறைய இருக்கும், ஆனா பெரிய தொகை ஒண்ணும் இல்ல. கரண்ட் பில்லை மட்டும் காட்டி சர்வோ வாங்குனா போட்ட காசு திரும்ப ரொம்ப வருஷம் ஆகும், இந்தக் கணக்கை நானே போட்டுப் பாத்துட்டு ஏமாந்து போனேன்.

பெரிய காசு லீக்குலதான் இருக்கு. 3 எம்எம் ஓட்டை ஒண்ணு, 7 பார் லைன்ல, 15லேர்ந்து 20 சிஎஃப்எம் வரைக்கும் விடும், அதாவது 4, 5 எச்பி கம்ப்ரஸர் அந்த ஓட்டைக்காக மட்டும் ஓடும். ஞாயித்துக்கிழமை ஷாப் மூடியிருக்கும்போது ஒரு தடவ உள்ள போய் நின்னு காது குடுத்துக் கேளுங்க, எத்தன எடத்துல உஸ்ஸுங்குதுன்னு தெரியும்.

அதை விட மோசம் தண்ணி. சென்னை ஈரக்காத்துல ரிசீவர் டேங்க்ல தண்ணி சேராம இருக்கவே இருக்காது. ஐப்பசி கார்த்திகை மழையில ஒரு நைட் ஷிஃப்ட், டேங்க்கை யாரும் டிரெயின் பண்ணல, தண்ணி லைன்ல ஏறி ஃபீடர் வால்வுக்குள்ள போயி ஸ்பூல் ஒட்டிக்கிச்சு. ஓடுற பிடி பாதி தூரம்தான் போச்சு, பிரஸ் நிக்கல, மிஸ்ஃபீட் சென்சாரும் போடல, பஞ்ச் பாதி ஓட்டை மேல பாதி தகடு மேல எறங்குச்சு. ரெண்டு பஞ்ச் போச்சு, டை பிளேட்ல ஒரு விரிசல். காலைல நான் வந்து பாக்குறப்போ ஃபீடர் மூலையில ஒரு சின்னக் குட்டை. அன்னைக்குத்தான் டூல் ரூம்காரர் சொன்னாரு, "சர்வோ இல்லாததால டை ஒடையல தம்பி, டிரெயின் காக்கைத் திறக்காததால ஒடஞ்சுது"ன்னு. சரிதான். ஏர் ஃபீடருக்கு ஒரு டிரையர், பக்கத்துலேயே எஃப்ஆர்எல் யூனிட் (ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்), பைலட் பின்னோட ஒரு ப்ராக்சிமிட்டி சென்சார் வச்ச மிஸ்ஃபீட் ஸ்டாப், இந்த மூணையும் சேத்துதான் ஏர் ஃபீடரோட விலைன்னு எண்ணிக்கங்க, சென்சார் வேலை செய்யணும்னா மேல சொன்ன கிளட்ச் விஷயம் இங்கயும் உண்டு.

இன்னொண்ணு, சர்வோ வாங்குனா கம்ப்ரஸர் வேணாம்னு நெனைக்கிறவங்க இருக்காங்க. நெறைய மாடல்ல மேல் ரோலைத் தூக்கி பைலட் ரிலீஸ் குடுக்குறதே ஒரு ஏர் சிலிண்டர்தான். காத்து கம்மியா வேணும், ஆனா வேணும்.

டை மாத்துற கணக்கு

ஏர் ஃபீடர்ல பிட்ச் மாத்தணும்னா ஸ்டாப்பர் லாக் நட்டை லூஸ் பண்ணி, திருகி, ரெண்டு ஸ்ட்ரோக் விட்டு, வெர்னியர்ல அளந்து, திரும்பத் திருகி, கை பழகுன செட்டர்னா 10, 15 நிமிஷம், பழகாதவன்னா அரை மணி நேரம். சர்வோல நம்பர் அடிச்சா போச்சு, பழைய ஜாப் மெமரியில இருந்தா அதுவும் வேணாம். ஆனா உண்மையச் சொல்லணும்னா டை எறக்கி ஏத்துறது, ஷட் ஹைட் (ராம் கீழ வர்றப்போ டைக்கு இருக்குற உயரம்) வைக்கிறது, காயில் மாத்துறது, இதுலதான் பாதி நேரம் போகுது, ஃபீடர்னால மிச்சமாகுறது ஒரு தடவைக்கு 12 நிமிஷம்னு வச்சுக்கங்க. நாளைக்கு 4 தடவ மாத்துனா 48 நிமிஷம். உங்க பிரஸ் ரேட் மணிக்கு 400 ரூபாய்னு வச்சா நாளைக்கு 320, வருஷத்துக்கு 300 நாள்ல 96,000 ரூபாய். உங்க ரேட்டைப் போட்டு, ரெண்டு கொட்டேஷனுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. மாசத்துல 25 நாள் ஒரே டைதான் ஓடுதுன்னா இந்தக் கணக்கு பூஜ்யம், அந்தப் பிரஸ்ஸுக்கு ஏர் ஃபீடர் போதும்.

ஒரே ஜாப்ல ரெண்டு விதமான பிட்ச் மாறி மாறி வேணும், இல்ல ஒரு ஸ்ட்ரோக் விட்டு ஒரு ஸ்ட்ரோக் தள்ளணும், இல்ல ஜிக் ஜாக்கா வட்ட பிளாங்க் எடுக்கணும்னா, பேச்சே வேணாம், சர்வோ.

மெட்டீரியல் பத்தி ஒரு வார்த்தை. அலுமினியம், காப்பர், பித்தளை மாதிரி மெத்துன்னு இருக்குறதுல ஏர் ஃபீடர் பிடி தழும்பு வைக்கும், பிடிக்கு யூரித்தேன் பேட் போடலாம். ரோலும் தழும்பு வைக்கும், ரோல்ல ஒட்டிக்கிட்ட ஒரு சின்ன பர் (தகட்டுப் பிசிறு) போதும், ஒவ்வொரு சுத்துக்கும் அதே எடத்துல ஒரு குழி விழும், குழிக்கும் குழிக்கும் இருக்குற தூரம் ரோல் சுத்தளவுக்கு சமமா இருந்தா குற்றவாளி ரோல்தான்னு தெரிஞ்சுக்கலாம். 0.2, 0.3 எம்எம் தகடு ரெண்டுலயுமே தள்ளுறப்போ மடங்கும், ஃபீடருக்கும் டைக்கும் நடுவுல மேலயும் கீழயும் கைடு பிளேட் குடுத்தே ஆகணும்.

அப்புறம் ரெண்டு ஃபீடருமே காயில்ல இருந்து நேரா இழுக்கக் கூடாது. டிகாயிலர் (காயிலைப் பிரிக்கிறது), கனமான தகடுன்னா ஸ்ட்ரெயிட்னர் (தகட்டை நேராக்குறது), அப்புறம் தொட்டில் மாதிரி தொங்குற ஒரு லூப், அந்த லூப்ல இருந்துதான் ஃபீடர் எடுக்கணும். லூப் இல்லாம விறைப்பா இருந்தா எந்த ஃபீடரும் வழுக்கும். எடம் இல்லன்னு லூப்பைச் சுருக்கிட்டு ஃபீடர் கம்பெனிக்கு போன் போட்டுத் திட்டுறது நம்ம ஊர்ல ரொம்ப சகஜம்.

ரிப்பேர் வந்தா யாரு பாப்பா

ஏர் ஃபீடர்ல போறது சீல், ஓ ரிங், பிடி பேட், வால்வு. பிட்டர் ஒருத்தர் மதியம் டீ டைமுக்குள்ள மாத்திடுவாரு. சர்வோ டிரைவ் போச்சுன்னா பிட்டருக்கு அங்க வேலையே இல்ல, டிரைவ் கடையில ரெடியா இருக்கா, எத்தன நாள்ல வரும், அதுவரைக்கும் ஸ்டாண்ட்பை குடுப்பாங்களா, இதை வாங்குறதுக்கு முன்னாடி எழுத்துல வாங்கிக்கங்க. வோல்டேஜ் ஆடுற லைன்னா ஸ்டெபிலைசர், தனி எர்த்திங், வெல்டிங் மெஷின் எர்த்தோட சேக்கவே கூடாது. நம்ம 415 வோல்ட் லைனுக்கு நேரா வர்ற டிரைவா, இல்ல 220க்கு டிரான்ஸ்ஃபார்மர் போடணுமான்னு கேளுங்க, டிரான்ஸ்ஃபார்மர் விலை கொட்டேஷன்ல பாதி நேரம் இருக்காது. பேனல் ஃபேன் ஃபில்டர் அடைச்சா சித்திரை வெயில்ல மத்தியானம் 2 மணிக்கு டிரைவ் சூடாகி ட்ரிப் ஆகும், வாரா வாரம் ஊதி விடுங்க.

ரோல் தேய்மானமும் உண்டு. 100 எம்எம் ரோல் விட்டத்துல 0.1 தேஞ்சா ஃபீட்ல ஆயிரத்துல ஒரு பங்கு குறையும், 20 எம்எம் பிட்ச்சுக்கு 0.02, தெரியாது, 200 எம்எம்முக்கு 0.2, டை கத்தும். ஸ்க்ரீன்ல ரோல் விட்டத்தைத் திருத்துற எடம் இருக்கும், ஆறு மாசத்துக்கு ஒருக்கா அளந்து திருத்துங்க.

ட்ரையல் எப்படிப் போடுறது

சப்ளையர் எடத்துக்கு உங்க ஸ்ட்ரிப், உங்க எண்ணெய் ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. பைலட் இல்லாத சாதா ஒரு ஓட்டை டை போட்டு, நீங்க ஓட்டப் போற அதே ஸ்ட்ரோக்ல, நிறுத்தாம 50 ஸ்ட்ரோக் விடுங்க. ஸ்ட்ரிப்பை எடுத்து முதல் ஓட்டையில இருந்து கடைசி ஓட்டை வரைக்கும் ஒவ்வொரு பிட்ச்சா அளந்து எழுதுங்க, சலிப்பா இருக்கும், ஆனா 49 நம்பரும் வேணும். எல்லாமே ஒரே மாதிரி 0.08 கம்மின்னா கவலையே இல்ல, அது செட்டிங், திருகுனா சரியாகும். சராசரி கரெக்டா இருந்து நம்பர் மட்டும் மேலயும் கீழயும் குதிச்சுதுன்னா அதுதான் ஆபத்து, வழுக்கல், இல்ல ஸ்டாப்பர்ல முட்டித் துள்ளுது. மொதல் அஞ்சு ஸ்ட்ரோக் மட்டும் மாறி அப்புறம் சீராச்சுன்னா லூப்பைப் பாருங்க.

மாட்டுனதுக்கு அப்புறம் டைமிங் வைக்கிறப்போ எல்லாரும் தப்பு பண்ற ஒரு எடம், பைலட் ரிலீஸ். பைலட் மூக்கு ஓட்டைக்குள்ள போனதும் ரோல் திறக்கணும், பஞ்ச் தகட்டைத் தொடுறதுக்கு முன்னாடி. திரும்ப மூடுறது பைலட் வெளிய வர்றதுக்கு முன்னாடி மூடணும். லேட்டா மூடுனா பைலட் விட்ட அந்த நொடியில லூப்போட எடை ஸ்ட்ரிப்பைப் பின்னாடி இழுத்துடும், ஃபீட் கம்மியா வரும், நீங்க பிட்ச்சைக் கூட்டிக்கிட்டே போவீங்க, லூப் ஏற எறங்க அதோட எடை மாறி அளவும் மாறும். கையால இன்ச்சிங்ல ஓட்டி, டிகிரி பாத்து, ஸ்ட்ரிப்பை விரலால ஆட்டிப் பாத்து வைங்க, ராம் கீழ இருக்குறப்போ ஸ்ட்ரிப் ஆடக் கூடாது, விரல் டைக்கு வெளிய ஃபீடர் பக்கம் இருக்கணும், உள்ள இல்ல.

கை வைக்கிற விஷயம்னு வந்ததால இதையும் சொல்லிடுறேன். பிரஸ்ஸ ஆஃப் பண்ணாலும் ஏர் ஃபீடர் சிலிண்டர்ல காத்து அடைஞ்சு நிக்கும், மாட்டிக்கிட்ட ஸ்ட்ரிப்பை இழுத்தீங்கன்னா பிடி திடீர்னு பாஞ்சு விரலை நசுக்கும். லைன் வால்வை மூடி, உள்ள இருக்குற காத்தை வெளிய விட்டுட்டு, கேஜ்ல 0 பாத்துட்டுத்தான் தொடணும். லைன்ல காத்தை வெளிய விடுற மாதிரி பூட்டு போடுற வால்வு ஒண்ணு வச்சுட்டா நல்லது. சர்வோ பேனல்னா மெயினை ஆஃப் பண்ணி டிரைவ்ல சார்ஜ் லைட் அணையிற வரைக்கும் காத்திருங்க, சில நிமிஷம் ஆகும்.

கடைசியா எங்க ஷாப்ல இப்போ 11 பிரஸ், 4ல ஏர், 3ல சர்வோ, மீதி நாலுல இன்னும் ஆளு நின்னு ஒவ்வொரு துண்டா வச்சு எடுக்குறாங்க. அடுத்த வருஷம் காசு வந்தா முதலாளி இன்னொரு சர்வோ வாங்கலாம்னு சொல்றாரு. நான் அந்தக் காசுக்கு இந்த நாலுக்கும் ஏர் ஃபீடர் வாங்கி, கிளட்ச் மாத்துற வேலையையும் பாத்துடலாம்னு சொல்லிக்கிட்டு இருக்கேன், இன்னும் பேச்சு முடியல.